இயல்பமைப்பும் கருத்துநிலையும்: தகவமை விளையாட்டுக் கருவிகள் பற்றிய ஒரு நோக்கு

கருவியொன்று தொழிற்சாலையை விட்டு வெளிவரும்போதே அதனுட் பொதிந்துவைக்கப்படும் ஏற்பாட்டினை ‘இயல்பமைப்பு’ எனலாம். இச்சொல்லிலுள்ள ‘இயல்பு’ யாருடைய இயல்பு என்பதே நாம் எழுப்ப விரும்பும் வினா. காணொளி விளையாட்டுக்களுக்கான வழமையான கட்டுப்பாட்டுக் கருவி, இரு கைகளாலும் ஏந்தி, பல விரல்களை ஒரே வேளையில் இயக்கவல்ல உடலொன்றை முற்கற்பிதமாகக் கொண்டுள்ளது. வரலாற்றில் உருவான ஓர் உடல்மாதிரி இங்கு இயற்கையின் நியதிபோலத் தோற்றங்காட்டுகின்றது. வரலாற்றை இயற்கையாகக் காட்டுவது கருத்துநிலையின் தொழில் என்பதை இலக்கியத் திறனாய்வு வழியாக நாம் நன்கறிவோம்.

2018 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்பொக்ஸ் அடப்டிவ் கொன்ட்ரோலர் இம்மாதிரியை உடைத்தது. இரு பெரிய பொத்தான்களும், வெளி ஆளிகளை இணைப்பதற்கான 19 துளைகளும் கொண்ட அக்கருவி, மாற்றுத்திறனாளி விளையாட்டாளரின் அமைப்புகளோடு கலந்து உருவாக்கப்பட்டது. 2023 இல் சோனியின் அக்சஸ் கொன்ட்ரோலர் வெளிவந்தது. இவற்றின் முற்போக்கான பங்கினை மறுப்பதற்கில்லை. ஆயினும், அறிமுக விலையான 99.99 டொலர் முன்னைய கருவியின் மையப்பகுதிக்கு மட்டுமே உரியது. ஆளிகளைத் தனியே வாங்குதல் வேண்டும். வாங்கியபின், எவ்வாளிக்கு எச்செயல், எவ்வளவு உணர்திறன் என்பவற்றை விளையாட்டுக்கு விளையாட்டு வகுத்துக்கொள்ளும் பணியும் எஞ்சுகின்றது. அது உழைப்பு, ஊதியமற்ற உழைப்பு.

‘உடல்கள் வேறுபடுவதால் சரியான இயல்பமைப்பு இருத்தல் இயலாது, தெரிவினைப் பயனரிடமே விட்டுவிடுக’ என்பது தாராளவாத விடை. இது அரை உண்மையே. யூபிசொப்ட் நிறுவனம் வெளியிட்ட தரவுகள் இங்கு கருதத்தக்கவை. ‘அசாசின்ஸ் கிறீட்: ஒறிஜின்ஸ்’ (2017) விளையாட்டில் துணையெழுத்துக்கள் அணைந்த நிலையில் இருந்தன; விளையாடியோரில் 60 வீதத்திற்கு மேற்பட்டோர் அவற்றைத் தாமே இயக்கினர். அடுத்து வந்த ‘ஒடிசி’யில் (2018) அவை தொடக்கத்திலேயே இயங்கின, ஏறத்தாழ 95 வீதத்தினர் அவ்வாறே விட்டுவைத்தனர். தேடும் உழைப்பினை யார்மேற் சுமத்துவது என்பதை இயல்பமைப்பே தீர்மானிக்கின்றது.

எனினும் துணையெழுத்தின் தர்க்கத்தைக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு அப்படியே பொருத்துதல் பொறிமுறைவாதமாகிவிடும். தசைவலு குன்றியவருக்கு மெல்லிய தொடுகையே போதுமானதாதல் வேண்டும். கை நடுக்கமுள்ளவருக்கோ தற்செயலான தொடுகைகள் புறக்கணிக்கப்படல் வேண்டும். ஒருவரின் விடுதலை மற்றவரின் தடை. இம்முரண்பாட்டை ஒற்றை இயல்பமைப்பு தீர்க்காது; எல்லையற்ற தெரிவும் தீர்க்காது. பன்மையான தொடக்கநிலைகளே வேண்டப்படுவன. ‘த லாஸ்ட் ஒஃப் அஸ் பாகம் 2’ (2020) அறுபதுக்கு மேற்பட்ட அணுகல் அமைப்புக்களைக் கொண்டது. பார்வை, செவிப்புலன், இயக்கம் என்னும் மூன்று தொகுதிகளின்மூலம் அவற்றிற் பலவற்றை ஒருங்கே இயக்கலாம்; பின்னர் ஒவ்வொன்றையும் மாற்றலாம். ஆனால் இப்பகுப்பு மருத்துவ நோக்கிலானது. ‘ஒரு கையால் ஆடுதல்’, ‘நீண்ட நேரம் அழுத்தாமை’ எனச் செயலினடியாகப் பகுப்பதே பொருள்முதல்வாத நோக்கிற்கு இயைந்தது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான 2006 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சமவாயம், பொழுதுபோக்கிற் சமமாகப் பங்குகொள்வதை உரிமையாக ஏற்றுள்ளது. விளையாடுவதற்கு முன்னரே ஒருவரின் ஓய்வுநேரம் கருவியைச் சீராக்குவதிற் கரையுமாயின், அவ்வுரிமை ஏட்டளவினதே. ஆகவே இயல்பமைப்புக்களை வகுக்கும் மேசையில் மாற்றுத்திறனாளிகள் இலவச ஆலோசகராக அன்றி, ஊதியம் பெறும் உழைப்பாளராக, தீர்மானிக்கும் அதிகாரத்துடன் அமர்தல் வேண்டும். அதுவரை ‘இயல்பு’ என்பது ஆதிக்கத்தின் மறுபெயராகவே நீடிக்கும்.