மலை மேல் ஒரே பிரிண்டர்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் கொல்லிமலையின் செம்மேட்டுக்கு வர வேண்டும். நாமக்கல்லிலிருந்து ஒரு சிஸ்டம் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் அவருக்கு ஒரு நாள் பிழைப்பு கெடும். அதனால் கொல்லிமலையில் ஒரு பள்ளியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கணினிகளை இணைப்பதைச் சமவெளிக் கணக்கில் பார்க்க முடியாது. கீழே காலையில் கெட்டது மதியத்துக்குள் சரியாகிவிடும். மேலே திங்கட்கிழமை கெட்டது வியாழன் வரை அப்படியே கிடக்கும். லினக்ஸ் கணினியும் விண்டோஸ் கணினியும் கோப்புகளையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ள நாம் இன்று கையாளும் முறையை இந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோட விரும்புகிறேன்: அமைத்துக் கொடுத்தவர் மலையிறங்கிப் போன பிறகு, அங்கே இருப்பவர்களால் அதைச் சரிசெய்துகொள்ள முடிகிறதா?

தமிழ்நாட்டில் இந்த இரண்டு இயங்குதளங்களும் ஒரே அறைக்குள் வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. அரசு நிறுவனமான எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், 2007 வாக்கில் அந்த நிறுவனத்தின் கணினிகளையே சூசே லினக்ஸுக்கு மாற்றினார். பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளும் லினக்ஸோடு வரத் தொடங்கின. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதே ஆண்டில் வெளியானது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸ், பாஸ் இரண்டும் ஒரே கணினியில் ஏற்றித் தரப்பட்டன. உரிமக் கட்டணத்திலிருந்து அரசுப் பணத்தை மீட்ட துணிச்சலான முடிவு என்றே லினக்ஸை நோக்கிய அந்த மாற்றத்தை இன்றும் கருதுகிறேன். ஆனால் கணினிகளை வாங்குவதில் இருந்த அக்கறை, வாங்கியவற்றை ஒன்றோடொன்று பேச வைப்பதில் இருக்கவில்லை. அந்த வேலை பெரும்பாலும் உள்ளூர் மெக்கானிக்கின் கைக்குப் போனது.

அதன் விளைவை மலையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் பார்த்தேன். மூன்று கணினிகள், இரண்டு லினக்ஸ், ஒன்று விண்டோஸ். பிரிண்டர் விண்டோஸில் செருகப்பட்டிருந்தது. மாற்றுச் சான்றிதழை லினக்ஸில் தட்டச்சு செய்த ஆசிரியர் அதைப் பென்டிரைவில் ஏற்றி, எழுந்து போய், எழுத்தர் பார்த்துக்கொண்டிருந்த வேலையை நிறுத்தச் சொல்லி அச்சிட்டார். எழுத்துப்பிழை இருந்ததால் மறுபடி அதே நடை. மூன்று கணினிக்கும் இடையே நெட்வொர்க் கேபிள் இருந்தது. இணையத்துக்காக மட்டும் போட்ட கேபிள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கேபிளில் கோப்புகளும் போகலாம் என்பதற்கான வழி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கணினிகள் தமக்குள் அனுப்பிக்கொண்ட தரவுத் துண்டுகளைக் கவனித்தே கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி நெறிமுறையைப் புரிந்துகொண்டு, 1992 தொடக்கத்தில் யூனிக்ஸுக்கு ஒரு சர்வர் எழுதினார். அதுதான் பின்னாளில் சாம்பா ஆனது. மைக்ரோசாஃப்ட் தன் நெறிமுறை ஆவணங்களைத் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2004-இல் உத்தரவிட்ட பிறகு, 2007 டிசம்பரில் பத்தாயிரம் யூரோ கட்டி அவற்றைப் பெறும் வழி சாம்பா குழுவுக்குக் கிடைத்தது. இன்று எந்த லினக்ஸிலும் சாம்பாவை நிறுவலாம்.

மலைக்கு இது எவ்வளவு பொருத்தம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கோப்புகளை இணைய வட்டில் வையுங்கள் என்பதுதான் இன்று எல்லோரும் சொல்லும் அறிவுரை. மழைக்காலத்தில் நெட் போய்விட்டால் அந்த அறிவுரையும் போய்விடுகிறது. அறைக்குள் இருக்கும் பகிர்வுக்கு இணையம் தேவையில்லை. கணினிகளுக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கும் மின்சாரம் இருந்தால் போதும். ஒதுக்கி வைத்த பழைய கணினியே சர்வராகிவிடும். விண்டோஸின் சாதாரணப் பதிப்புகள் ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் ஏற்பதில்லை. முப்பது பேர் உட்காரும் கணினி அறையில் இது உடனே இடிக்கும். சாம்பாவுக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது.

குறை தொடங்குவது அமைக்கும் விதத்தில். நம் ஊரில் சாம்பா போடுபவர் முதலில் செய்வது, கோப்புறைக்கு 777 அனுமதி கொடுத்து, விருந்தினர் நுழைவைத் திறந்துவிடுவது. கடவுச்சொல் கேட்காது, எல்லோரும் எழுதலாம், எல்லோரும் அழிக்கலாம். இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுபவர்களோடு நான் உடன்படவில்லை. கடவுச்சொல் வைத்தால் நாளை மலையிலிருந்து போன் வரும் என்பது அவருக்குத் தெரியும். லினக்ஸில் நுழையும் கடவுச்சொல் வேறு, சாம்பாவின் கடவுச்சொல் வேறு என்பதை விளக்கவே அரைமணி நேரம் ஆகும். ஒரே சர்வருக்கு இரண்டு பெயர்களில் ஒரே நேரத்தில் நுழைய விண்டோஸ் விடாது. அந்தப் பிழைச் செய்தியைப் படித்து யாருக்கும் காரணம் விளங்காது. எனவே அவர் எல்லாவற்றையும் திறந்துவிட்டுப் போகிறார்.

ஆனால் அந்தத் திறப்பே பிறகு போனடிக்க வைக்கிறது. 2017 மே 12 அன்று பரவிய வானாக்ரை என்ற கணினிப் புழு, எஸ்எம்பியின் முதல் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகக் கணினியிலிருந்து கணினிக்குத் தாவியது. அதற்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்திருந்தும் போடாத இடங்கள் மாட்டின. கேரளத்தில் வயநாட்டின் தரியோடு பஞ்சாயத்து அலுவலகமும் அவற்றில் ஒன்று. மலைநாட்டு அலுவலகத்தை யார் தேடி வரப்போகிறார்கள் என்று எண்ணுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். லினக்ஸ்காரர்கள் நிம்மதியாக இருக்கவும் இடமில்லை. அதே மாதக் கடைசியில் சாம்பாவிலேயே ஒரு பெரிய ஓட்டை வெளியானது; எழுத அனுமதி உள்ள பகிர்வில் ஒரு கோப்பை ஏற்றி, அதைச் சர்வரையே இயக்க வைக்க முடிந்தது. எவரும் எழுதலாம் என்று திறந்து வைத்த கோப்புறை அந்தத் தாக்குதலுக்குப் பாதி வேலையை முடித்தே கொடுத்தது.

இதற்குப் பிறகு இரு தரப்பும் பழைய வழிகளை மூடின. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு, புதிதாக நிறுவும் கணினிகளில் எஸ்எம்பி முதல் பதிப்பை நீக்கியது. 2019-இல் சாம்பாவும் அதை இயல்பாக அணைத்தது. விண்டோஸ் 11-இன் 2024 புதுப்பிப்பு விருந்தினர் நுழைவை இன்னும் இறுக்கியது. நேற்றுவரை திறந்த கோப்புறை ஒரு காலையில் திறக்காமல் போனதற்குப் பல இடங்களில் இதுதான் காரணம். மெக்கானிக் தொலைவிலிருந்து இணைத்து, மூடியதை மறுபடி திறந்துவிடுகிறார். அடுத்த புதுப்பிப்பு வரை ஓடும்.

இதற்குத் தீர்வாக, ஆளுக்கு ஒரு பயனர்பெயர் வேண்டாம், பொறுப்புக்கு ஒரு பெயர் போதும் என்பது என் துணிபு. அலுவலகம், ஆசிரியர், மாணவர் என்று மூன்று பெயர்கள். ஆசிரியர் மாறினாலும் பெயர் மாறாது. விண்டோஸில் ஒருமுறை கொடுத்து நினைவில் வைக்கச் சொல்லிவிட்டால் பிறகு கேட்காது. கோப்புறைக்கு 2770 அனுமதி. அப்போது உள்ளே பிறக்கும் ஒவ்வொரு கோப்பும் அதே குழுவுக்குச் சொந்தமாகும். சாம்பாவின் பக்கத்தில் புதுக் கோப்புக்கு 0660 என்று வைத்தால், ஒருவர் உருவாக்கியதை இன்னொருவர் திருத்த முடியவில்லை என்ற புகாரும் தீரும். அழித்த கோப்பைத் தனிக் கோப்புறையில் வைத்துக் காக்க, சாம்பாவோடு வரும் ரீசைக்கிள் தொகுதியைக் கட்டாயம் போட வேண்டும். விண்டோஸிலிருந்து நெட்வொர்க் கோப்பை அழித்தால் அது குப்பைத் தொட்டிக்குப் போகாமல் ஒரேயடியாகப் போய்விடும் என்பது பலருக்குத் தெரியாது. சாமை, தினை ரகங்களுக்குச் சமூக விதை வங்கிகள் உருவான மலை இது. வேறெங்கும் நகல் இல்லாத ஒரு விதைப் பதிவேடு கைதவறி அழிந்தால் அதை மறுபடி எழுத ஆளிருக்காது.

சர்வருக்கு நிலையான ஐபி எண் கொடுப்பது சின்ன வேலை. செய்யாமல் விட்டால் பெரிய தொல்லை. மின்சாரம் போய் வரும்போது ரவுட்டர் புது எண்ணைக் கொடுத்துவிட்டால், சுருக்குவழி எல்லாம் இல்லாத முகவரியைத் தட்டிக்கொண்டிருக்கும். சாம்பா கெட்டுவிட்டது என்று வரும் போன்களில் கணிசமானவை இதுதான்.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல்கள் உண்டு. ஆங்கிலக் கையேடுகளில் அவற்றுக்கு இடமில்லை. ‘கொல்லிமலை’ நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் அது ஒன்பது குறிகள். லினக்ஸ் வட்டில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் வீதம் 27 பைட். லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் வட்டு அமைப்பில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. அதாவது 85 குறிகள், ஏறக்குறைய ஐம்பது தமிழ் எழுத்து. விண்டோஸ் வட்டிலோ பைட்டை எண்ணுவதில்லை. 255 தமிழ்க் குறிகள் வரை ஏற்கும். அங்கே சுகமாக இருந்த ‘பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி மாணவர் கல்வி உதவித்தொகைப் பட்டியல் திருத்தப்பட்ட இறுதி வடிவம்’ என்ற பெயர், சாம்பா பகிர்வுக்கு நகலெடுக்கும்போது விழுந்துவிடும். வட்டில் இடமிருக்கிறது, அனுமதி இருக்கிறது, கோப்பு மட்டும் ஏறாது.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. ‘கொ’ என்பதை ஒகரக் குறி ஒன்றாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் சேர்த்தும் எழுதலாம். திரையில் வித்தியாசமே இருக்காது. கணினிக்கு அவை இரு வேறு பெயர்கள். இரண்டு பேர் இரண்டு விசைப்பலகையில் ஒரே பெயரைத் தட்டினால் ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் கிடக்கும். ஒன்று பழைய பட்டியல், ஒன்று புதியது. கோப்பின் உள்ளே பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத லினக்ஸில் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டு ஆணையிட்டது. இன்னும் பாமினியில் அடித்துக்கொண்டிருக்கும் அலுவலகங்களுக்குப் பகிர்வு பாதிப் பயனே தரும். கோப்பின் பெயரைச் சுருக்கமாக, தேதியோடு, முடிந்தால் எண்ணில் தொடங்கி வையுங்கள். முழு விவரமும் உள்ளே இருக்கட்டும்.

பிரிண்டருக்கு வருவோம். எழுத்தரின் விண்டோஸ் கணினியில் செருகிப் பகிர்வதே பொதுவழக்கம். எழுத்தர் விடுப்பில் போனால் அச்சும் விடுப்பில் போகும். 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டை வெளியானதும் மைக்ரோசாஃப்ட் பகிர்வு அச்சின் விதிகளை இறுக்கியது. செப்டம்பர் புதுப்பிப்புக்குப் பிறகு 11பி என்று முடியும் பிழைச் செய்தியோடு அலுவலகம் அலுவலகமாக அச்சு நின்றது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சுழியமாக்கச் சொல்லும் வைத்தியம் வாட்ஸ்அப்பில் பரவியது. அது பாதுகாப்பை அணைக்கும் வைத்தியம்; இன்றும் பல கணினிகளில் அந்தச் சுழியம் அப்படியே இருக்கிறது.

பிரிண்டரைச் சர்வராக இருக்கும் லினக்ஸில் செருகி, லினக்ஸின் அச்சுச் சேவையான கப்ஸ் மூலம் 631-ஆம் போர்ட்டில் விண்டோஸுக்குக் கொடுப்பதே நல்ல வழி. விண்டோஸில் பொதுவான போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர் போதும். அந்தப் பிரிண்டருக்கு ஏற்றபடி பக்கத்தை மாற்றுவதைக் கப்ஸ் பார்த்துக்கொள்ளும். கப்ஸிலும் 2024 செப்டம்பரில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. பிரிண்டரைத் தானாகத் தேடும் துணைநிரலை அணைத்து, அந்தப் போர்ட்டை வெளி இணையத்துக்கு மூடினால் போதுமான காப்பு. ஆனால் எல்லாப் பிரிண்டருக்கும் இதே வழி என்று அடித்துச் சொல்லும் லினக்ஸ் பற்றாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம் அலுவலகங்களில் நிறைந்திருக்கும் கேனன் எல்பிபி 2900 தனக்கென்று ஒரு தனி மொழி வைத்திருக்கிறது. லினக்ஸில் அதற்கான டிரைவரை நிலையாக ஓட வைப்பது கடினம். ஹெச்பி லேசர்ஜெட் 1020-க்கு ஒவ்வொரு முறை மின்சாரம் வந்ததும் கணினியிலிருந்து மென்பொருளை ஏற்ற வேண்டும். அந்தப் படி லினக்ஸில் சரியாக அமையாவிட்டால், மின்தடைக்குப் பிறகு விளக்கெரியும், தாள் வராது. இவற்றை விண்டோஸிலேயே விட்டு வைப்பது நேர்மையான முடிவு. டாட் மேட்ரிக்ஸுக்கு எந்தப் பக்கமும் சிக்கல் குறைவு. அனுப்பும் எழுத்தை அப்படியே அடிக்கும் எளிமைதான் அதன் ஆயுள்.

எல்லாவற்றையும் முடித்த பின் ஒரு தாள் சுவரில் ஒட்டப்பட வேண்டும்: சர்வரின் ஐபி எண், மூன்று பெயர்கள், எந்தக் கணினியை முதலில் போட வேண்டும், அச்சு நின்றால் கப்ஸ் பக்கத்தில் எந்தப் பொத்தான். கடவுச்சொற்கள் அலமாரிக்குள் தனி உறையில். இதைச் செய்யாமல் கிளம்பும் மெக்கானிக் வேலையை முடிக்கவில்லை என்றே நான் கருதுவேன். பணம் கொடுப்பதற்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

மிச்சமிருப்பது வாங்கும் இடத்தில் செய்ய வேண்டியது. பிரிண்டர் நிறுவனங்களின் தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. கப்ஸும் அதே திசையில்தான் போகிறது: டிரைவரே இல்லாமல், ஐபிபி எவ்ரிவேர் என்ற பொது நெறிமுறையில் அச்சு. அந்த நெறிமுறை பேசும், நெட்வொர்க்கில் நேரடியாக மாட்டும் பிரிண்டர் இருந்தால், லினக்ஸா விண்டோஸா என்ற பேச்சுக்கே இடமில்லை. மற்ற எந்தக் கணினி அணைந்திருந்தாலும் அச்சு வரும். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் பிரிண்டர் வாங்கும் ஒவ்வொரு டெண்டரிலும் இந்த ஒரு வரியைச் சேர்க்க எல்காட்டும் மாவட்ட நிர்வாகங்களும் முன்வர வேண்டும். வாங்கும் விலை சற்றுக் கூடினாலும், மலையேறி வரும் ஒரு மெக்கானிக்கின் நாட்கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.