கைவல்லிய நவநீதத்தில் தசமன் கதை

தமிழில் அத்துவித வேதாந்தம் உரைக்கும் நூல்களுள் தாண்டவராய சுவாமிகள் இயற்றிய கைவல்லிய நவநீதம் சிறப்பிடம் பெறுவது. தத்துவ விளக்கப் படலம், சந்தேகந் தெளிதற் படலம் என இரு படலங்களாய், ஆசிரியனும் மாணாக்கனும் உரையாடும் முறையில் அமைந்தது. கார்ல் கிரவுல் என்னும் செர்மானியர் 1855ஆம் ஆண்டிலேயே இலைப்சிக் நகரில் இதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். மாணாக்கன் முதற்படலத்திலேயே அநுபூதி பெற்றுவிடுகின்றான். பின்னரும் ஐயம் வினவுதலை விட்டானல்லன். கற்பிக்கும் தொழிலை அறிந்தார்க்கு இவ்வமைப்பின் அருமை விளங்கும்.

நூலில் வரும் உவமைகளுள் தசமன் கதை தலையாயது. வித்தியாரணியரின் பஞ்சதசியிலும் இஃதுண்டு. பதின்மர் ஆற்றைக் கடந்து கரையேறுகின்றனர். எண்ணுகின்றவன் தன்னை விட்டு எண்ணுதலின் ஒன்பதின்மரே தேறுகின்றனர். பத்தாமவனை ஆறு கொண்டதென்று அழுகின்றனர். வழிப்போக்கன் ஒருவன், பத்தாமவன் உளன் என்கின்றான்; பின்னர் எண்ணுகின்றவனையே சுட்டி, நீயே அவன் என்கின்றான். தன்னை மறந்தது அஞ்ஞானம், இல்லையென்றது ஆவரணம், அழுதது விட்சேபம், உளன் என்ற சொல்லை நம்பியது பரோட்சம், தன்னையே கண்டது அபரோட்சம். எஞ்சியவை துயர் நீங்கலும் தடையற்ற ஆனந்தமும். வடசொற்கள் மிடைந்த இவ்வேழு நிலையும் கதையோடு கேட்டார்க்கு மறவா.

கதிரவெளிக்கு வடக்கே வெருகலாறு ஓடுகின்றது. பாலம் அமையுமுன் அதனைக் கடந்து வந்தோரும், கதிர்காமத்துக்குக் கால்நடையாய்ச் செல்லும் அடியாரும் கரையேறியபின் தலையெண்ணுதல் இயல்பே. ஆதலின் இவ்வூரார்க்கு இஃது ஏட்டுக்கதை மாத்திரம் அன்று.

ஆயின் ஈண்டு ஒரு தடை எழுகின்றது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையிற் புகுந்தது. 2006 நவம்பர் 8இல் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் எறிகணை வீச்சில் மாண்டனர். அந்நாள்களில் எண்ணியவர்தம் கணக்கிற் பிழையில்லை, குறைந்தவர் குறைந்தவரே. சாவு வீட்டில் இக்கதையை ஆறுதலாய் எடுத்துரைப்போர் நூலுக்கும் நீதி செய்தாரல்லர், அழுவார்க்கும் நீதி செய்தாரல்லர். கதையில் தொலைந்தவன் பிறனல்லன், எண்ணியவனே. தன்னை அறியாமையால் விளையும் துயரே அதன் பொருள். பிள்ளையை இழந்த தாயின் துயர் அன்று. ஞானிக்கும் பிராரத்தம் உடலுள்ளளவும் உண்டென்று நூலே ஒப்புகின்றது.

மட்டக்களப்பு நாட்டிலே சைவ சித்தாந்தம் பயின்றோர் வேறொன்று வினவுவர்: பதின்மரும் எண்ணிக் காணாததைப் பதினொராமவன் வந்தன்றோ காட்டினான்; அவன் யார்? அத்துவிதத்தை விளக்கும் கதை, கூட்டத்திற் சேராத ஒருவனின்றி முடிவுபெறவில்லை. வேதாந்திகள் இதற்கு விடை கூறுவர். குருவும் கனவிற் கண்ட சிங்கம் போன்றவர், பொய்யாய்த் தோன்றியும் உறக்கத்தைக் கலைப்பவர் என்பர். அவ்விடை கூரியதேயெனினும், சித்தாந்தியின் வினா அதனால் முற்றும் அடங்கிற்றெனத் தோன்றவில்லை. தாண்டவராயர்தாமும் குருவணக்கம் கூறிய பின்னரே நூலைத் தொடங்குகின்றார்.