தோற்கடித்துச் சொல்லித்தரும் ஆட்டம்

‘ஷின் மெகாமி டென்சே 3: நாக்டர்ன்’ வெளிவந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதைப் பற்றிய பேச்சு இன்னமும் இரண்டு கட்சியாகத்தான் நிற்கிறது. யப்பானில் உருவான பாத்திரமேற்பு விளையாட்டுகளின் உச்சங்களில் அது ஒன்று என்பது ஒரு கட்சி. ஆடுபவரை வதைப்பதற்கென்றே செய்யப்பட்டது என்பது மற்றக் கட்சி. இரண்டு கட்சிக்காரரும் எடுத்து வைக்கும் சான்றுகளோ ஒன்றேதான்: அதன் கடினம், அதன் வெறுமை, அதன் நீளம். நான் முதலாவது கட்சி. ஆனால் அந்தக் கட்சியில் பலர் செய்வதுபோல, கடினத்தை ஒரு வீரப் பதக்கமாக நெஞ்சில் குத்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

அட்லஸ் நிறுவனம் 2003 பெப்ரவரியில் பிளேஸ்டேஷன் 2இற்காக இதை வெளியிட்டது. இயக்கம் கத்சுரா ஹஷினோ. பேய்களுக்கும் தெய்வங்களுக்கும் உருவம் தந்தவர் கசுமா கனேகோ. இசையமைத்தோரில் முதன்மையானவர் ஷோஜி மெகுரோ. பாடசாலை மாணவன் ஒருவன் தன் ஆசிரியையைப் பார்க்க டோக்கியோவின் ஷின்ஜுகு மருத்துவமனைக்குப் போகிறான். அன்றைக்கே உலகம் அழிகிறது. டோக்கியோ ஒரு கோளத்தின் உட்சுவராகச் சுருண்டுகொள்ள, நடுவில் ககுட்சுச்சி என்ற ஒளி தொங்குகிறது. மாணவன் பாதி மனிதன், பாதி பேயாகிக் கண்விழிக்கிறான். தப்பிய மனிதர் சிலர் அடுத்த உலகம் எப்படி இருக்கவேண்டும் என்று ஆளுக்கொரு கொள்கை பிடிக்கிறார்கள். ஆசையும் அசைவும் அடங்கிய ஒழுங்கு ஒருவருக்கு. எவரும் எவரையும் தீண்டாத தனிமை இன்னொருவருக்கு. வலியவர் மட்டும் வாழும் உலகம் மூன்றாமவருக்கு. யார் பக்கம் சேர்வது, சேராமல் விடுவதா என்பது ஆடுபவர் கையில்.

சண்டை முறை மாறி மாறி நடக்கும். நாங்கள் அடித்து முடிந்தபின் எதிரி அடிப்பான். இந்தப் பழைய ஏற்பாட்டில் ‘பிரஸ் டேர்ன்’ என்ற ஒரு விதியைச் செருகியதுதான் நாக்டர்னின் சாதனை. அணியில் நாலு பேர் என்றால் நாலு முறை கிடைக்கும். எதிரியின் பலவீனம் தெரிந்து அடித்தால், உதாரணமாகப் பனிப் பேய்க்கு நெருப்பை ஏவினால், பாதி முறைதான் செலவாகும். கெட்டிக்காரர் நாலை எட்டாக்கலாம். அடி தவறினாலோ எதிரி மேல் பலிக்காமல் போனாலோ இரண்டு முறை பறிபோகும். எதிரி அதை உறிஞ்சினாலோ திருப்பி அனுப்பினாலோ மிச்சம் முழுவதும் போய்விடும். இதே விதி எதிரிக்கும் உண்டு. எங்கள் அணியில் ஒருவர் காற்றுக்குப் பலவீனமானவர் என்றால், அந்த ஒருவரை வைத்தே எதிரி மேலதிக முறைகளைச் சம்பாதித்துவிடுவான். ஆகவே இங்கே எவருடைய பலவீனமும் அவருடைய சொந்த விஷயம் இல்லை. அணி முழுவதும் அதற்கு விலை கொடுக்கிறது.

இந்த விதி முழுதாகப் புரிவது மாட்டடோரிடம் அடிவாங்கும்போதுதான். கின்சாவின் நிலக்கீழ்ப் பாதையில் எதிர்ப்படும் எலும்புக்கூட்டுக் காளைச்சண்டை வீரன் அவன். சிவப்புத் துணியை ஒருதரம் வீசுவான். அவனுடைய சுறுசுறுப்பு உச்சத்துக்கு ஏறிவிடும். அதன் பிறகு எங்கள் அடி பெரும்பாலும் காற்றில்தான் விழும். விழுகிற ஒவ்வொரு வெற்றடிக்கும் இரண்டு முறை தண்டம். அவன் அனுப்பும் காற்றோ எங்கள் ஆட்களைச் சரியான இடத்தில் தைக்கும். அதுவரை பலத்தைக் கூட்டி மோதி வென்று வந்தவர் பலர் அந்த இடத்தோடு விளையாட்டைக் கைவிட்டார்கள். ‘நியாயமில்லை’ என்ற குற்றச்சாட்டின் பிறப்பிடமும் அதுதான்.

எனக்கு அது மிக நியாயமான சண்டையாகப் படுகிறது. காற்றைத் தாங்கும் பேய்களைச் சேர்த்து, அவனுடைய சுறுசுறுப்பைக் குறைக்கும் வித்தையோடு திரும்பிப் போனால், அதே மாட்டடோர் அடங்கிப்போவான். பலத்தை ஏற்றும் வித்தையும் இறக்கும் வித்தையும் அக்காலத்து விளையாட்டுகள் பலவற்றில் பெரிய எதிரிகளிடம் எடுபடா, பெயருக்கு இருந்தன. நாக்டர்னில் அவையே முதுகெலும்பு. விரல் வேகமோ பொழுதைக் கொட்டி ஏற்றிய பலமோ உதவாத இடத்தில், எதிரியைக் கவனித்த கண் உதவுகிறது.

எங்கள் வாசகருக்கு இதில் தனியான சுவை ஒன்றும் உண்டு. காளி, பார்வதி, இலட்சுமி, சரஸ்வதி, விஷ்ணு, சிவன் எல்லோரும் இங்கே இருக்கிறார்கள். எதிர்ப்படும் பேயோடு கதைத்து, பேரம் பேசி, கேட்டதைக் கொடுத்து அணியில் சேர்க்கலாம். சில பேய்கள் காசையும் வாங்கிக்கொண்டு நழுவிவிடும். இரண்டைக் கலந்து மூன்றாவதை உண்டாக்கவும் முடியும். பாலித் தீவின் ரங்டாவையும் பாரோங்கையும், ஓயாமல் பொருதும் அந்த இருவரையும், ஒன்றாக்கினால் சிவன் பிறக்கிறான். விகாரைச் சுவரோவியங்களில் மாரன் ஏறிவரும் கிரிமேகலை யானைக்கும் இங்கே ஒரு வடிவம் இருக்கிறது. ஆயுதத்தால் அடித்தால் அடித்தவருக்கே திரும்பும். பக்தர் சிலருக்கு இதெல்லாம் உறுத்தலாம். ஆனால் கனேகோ தெய்வங்களைக் கேலிக்கு எடுக்கவில்லை. உக்கிரத்தையும் அழகையும் ஒரே உருவில் நிறுத்தத் தெரிந்த கை அது. சடங்குக் காலத்தில் தெய்வமேறியவர் முன் நின்று வாக்குக் கேட்டுப் பழகிய மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்க்காரருக்கு அந்த உக்கிரம் அந்நியமாக இராது.

இனி, மறுகட்சி சொல்வதில் மெய்யானவை. ஒளி, இருள் மந்திரங்கள் ஒரே வீச்சில் ஆளைக் கொல்லும். கதாநாயகன் விழுந்தால், மற்ற மூவரும் உயிரோடு நின்றாலும் ஆட்டம் முடிந்தது. இரண்டும் சேருமிடத்தில் அறிவுக்கு வேலையில்லை, அதிர்ஷ்டம் மட்டும்தான். பேய்களைக் கலக்கும்போது எந்த வித்தை பிள்ளைக்குப் போகும் என்பதைப் பழைய பதிப்பு குலுக்கலுக்கு விட்டிருந்தது. வேண்டியது வரும்வரை ரத்துச் செய்து மீண்டும் மீண்டும் பார்க்கவேண்டும். இதைக் கடினம் என்று சொல்லக் கூடாது, அலுப்பு.

ஆனால் ‘நீளம்’, ‘திரும்பத் திரும்ப’ என்ற குறைகளை வேறு தராசில் போடவேண்டும். எங்கள் வடமோடிக் கூத்தைப் பற்றியும் இதே குறையைச் சொன்னவர்கள் உண்டு. அரசன் வருவான், தாளக்கட்டுக்கு ஆடுவான், பாடுவான், மந்திரி வருவான், ஆடுவான், பாடுவான், விடியும்வரை இப்படியே. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றைச் சுருங்கிய வடிவில் நவீன மேடைக்கு ஏற்றினார். கூத்தை வெளியூரார் மதித்துப் பார்க்கத் தொடங்கியதில் அந்த முயற்சிக்குப் பெரும் பங்குண்டு. பின்னாளில் அரங்கியலாளர் சி. ஜெயசங்கர் மட்டக்களப்புச் சீலாமுனையில் ஊராரோடு சேர்ந்து நடத்திய மீளுருவாக்கமோ கூத்தை அதன் களரியிலேயே வைத்துப் புதுக்கியது. இரண்டில் எது சரி என்ற வாதம் ஓயவில்லை. எனக்கு அதில் தெளிவான ஒன்று உண்டு: வட்டக்களரியில் ஒரே ஆட்டத்தைப் பத்துத் தரம் பார்த்தவருக்குத்தான் பதினோராவது தரம் ஆடுபவன் கால் எங்கே பிசகியது, எங்கே மிஞ்சியது என்று தெரியும். திரும்ப வருவது அங்கே ரசிகரைப் பழக்குகிறது. நாக்டர்னில் எட்டடிக்கு ஒருதரம் குறுக்கிடும் சில்லறைச் சண்டைகளின் வேலையும் இதுவே. அவை கொஞ்சம் அதிகம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

நாக்டர்ன் பற்றிய வாதத்தை 2020 ஒக்டோபரில் யப்பானிலும் 2021 மே மாதத்தில் பிற நாடுகளிலும் வந்த மறுபதிப்பு புதுப்பித்தது. படம் துலங்கியது. வித்தைகளைத் தெரிவு செய்யும் வசதி வந்தது. அது நல்ல திருத்தம். இசை பழைய தரத்திலேயே மங்கிக் கிடந்ததைப் பலர் குறை சொன்னார்கள், சரியான குறை. பழைய ஐரோப்பியப் பதிப்பின் அட்டையே பெருமையாக விளம்பரம் செய்த ‘டெவில் மே க்ரை’ விளையாட்டின் நாயகன் டான்டேயைத் தனிக் காசுக்கு விற்றார்கள். அதற்கும் வசவு விழுந்தது. கூடவே, எதிரிகளை மிகவும் தணித்துவிடும் இலகு முறை ஒன்றும் வந்தது. நேரமில்லாதவருக்கு அது உதவி. ஆடுவதைத் தடுக்க நான் யார்? ஆனால் அப்படி ஆடி முடித்த சிலர் “கதையில் ஒன்றுமில்லையே” என்றார்கள். அவர்கள் ஆடியவிதத்தில் பார்த்தால், அவர்கள் சொன்னது உண்மைதான்.

ஏனென்றால் நாக்டர்னில் கதாநாயகன் பேசுவதில்லை. மற்றவர்கள் பேசுவதும் கொஞ்சம். வசனம் செய்யவேண்டிய வேலையைச் சண்டை செய்கிறது. தனிமையே விடுதலை என்று ஒரு பாத்திரம் சொல்லும்போது, தன் முறையைப் பக்கத்தில் நிற்பவருக்கு விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்தே உயிர் தப்பி வந்த ஆடுபவருக்கு அந்தக் கொள்கை எங்கே ஓட்டையென்று தெரியும். வலியவருக்கே உலகம் என்று இன்னொரு பாத்திரம் அழைக்கும்போது, மாட்டடோரின் முன்னால் தன் பலமெல்லாம் ஒன்றுமில்லாமற் போனதை அவர் மறந்திருக்க மாட்டார். அந்தக் கொள்கைகளுக்கு மறுமொழி திரையில் எழுதப்படவில்லை. ஆடியவர் பட்ட அடிகளில் இருக்கிறது. அடியை எடுத்துவிட்டால் மறுமொழியும் போய்விடும். ஆகவே முதன்முறை ஆடுகிறவர் இலகு முறையைத் தொடாமல் மாட்டடோர் வரையாவது போகட்டும். அவனிடம் தோற்று, ஏன் தோற்றோம் என்று யோசிக்க அவருக்கு விருப்பம் வந்தால், இது அவருக்கான விளையாட்டு. வராவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்வதில் ஒரு வெட்கமும் இல்லை.