விரல்களின் சாட்சி

நுவரெலியா தேயிலை மலைச்சரிவில் நிரை பிடித்துக் கொழுந்தெடுப்பவர்கள் பெண்கள். தராசருகே நின்று இறாத்தல் எழுதியவர்கள் ஆண்கள். என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' பிறந்தது இந்த இடைவெளியில்தான். 1961இல் இலங்கையின் தினகரன் நாளிதழில் வந்த கதை. ஒரு பெண் மற்றவர்களைவிட அதிகமாகக் கொழுந்து எடுத்துவிடுகிறாள். உடனே, கணக்கப்பிள்ளை கூட்டி எழுதிவிட்டார் என்று பேச்சு கிளம்புகிறது. உழைப்பை ஒழுக்கத்தோடு முடிச்சுப்போடும் அந்தச் சந்தேகம் எவ்வளவு கொடியது! இராமையா அவளுக்காக வாதாடுவதில்லை. அவள் கையாலேயே எடுத்துக் காட்ட வைக்கிறார். கதையின் கலை முழுவதும் அந்த அடக்கத்தில் இருக்கிறது. தலைக்கயிற்றில் தொங்கும் கூடையின் கனத்தை வேறெந்தக் கதையிலும் நான் இவ்வளவு நெருக்கமாக உணர்ந்ததில்லை. மலையகப் பிள்ளைகளே, இதை வீட்டில் அம்மாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.