போபாலிலிருந்து வந்த பட்டம்

சென்னைக் கணிதவியல் கழகம் (சி.எம்.ஐ.) பற்றித் தமிழில் நான் படித்த கட்டுரைகள் பெரும்பாலும் சி. எஸ். சேஷாத்ரியில் தொடங்கி அவரிலேயே முடிகின்றன. 1989ல் ஸ்பிக் அறக்கட்டளையின் கீழ் தொடக்கம், 1996ல் தன்னாட்சி, 2005ல் சிறுசேரி வளாகம், நடுவில் அவருடைய கர்நாடக இசை. எதுவும் பொய்யில்லை. ஆனா முக்கியமான ஒரு வரி விட்டுப்போகுது.

1998ல் அங்கே இளநிலைப் படிப்பு ஆரம்பித்தபோது பட்டம் கொடுத்தது யார் தெரியுமா? மத்தியப் பிரதேச போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். சென்னையில் படித்த பிள்ளைக்குப் போபாலிலிருந்து சான்றிதழ்! 2006 டிசம்பரில் நிகர்நிலை அந்தஸ்து வரும்வரை இதே ஏற்பாடுதான். முனைவர் பட்டத்துக்கு மட்டும் சென்னைப் பல்கலைக்கழகம்.

இதை ஒரு நிர்வாகச் சிக்கல் என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை. இணைப்புக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் வினாத்தாளும் பல்கலைக்கழகத்துடையவை. பாடம் நடத்துபவரே என்ன நடத்துவது என்று முடிவு செய்யும் வகுப்புக்கு அந்த அமைப்பில் இடம் ஏது? தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு அந்த உரிமை 1978லேயே வந்துவிட்டதே என்று கேட்கலாம். வந்தது. ஆனால் ஆராய்ச்சி செய்பவர்கள் அதற்குள் தனி நிறுவனங்களுக்குப் போய்விட்டிருந்தார்கள். அங்கே இளநிலை மாணவர்கள் கிடையாது.

சேஷாத்ரிக்கு இது புதுக் கருத்தாக இருந்திருக்காது என்பது என் ஊகம். லயோலாவில் அவருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் பாதிரியார் சார்லஸ் ராசின், எலி கார்ட்டானிடம் ஆய்வு செய்தவர். அதே ஆசிரியரிடம் படித்த எம். எஸ். நரசிம்மனும் சேஷாத்ரியும் 1965ல் சேர்ந்து நிறுவியதுதான் இன்று அவர்கள் பெயரில் வழங்கும் தேற்றம். மேதைக் கதை எழுதுகிறவர்கள் அந்த வகுப்பறையைப் பற்றி ரெண்டு பத்தி எழுதியிருக்கலாம்.

நானும் பி.இ.யில் நாலு செமஸ்டர் கணக்கு படித்தவன்தான். நிறுவல்களை மனப்பாடம் செய்திருக்கிறேன், ஒன்றையும் நானாக நிறுவியதில்லை. பிளஸ் டூவில் 'கம் புக்', கல்லூரியில் பழைய வினாத்தாள். லாப்லாஸ் அட்டவணை மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கு.

கழகத்தின் மீதும் ஒரு குறை உண்டு. நிறுவல் எழுதத் தெரிந்தவர்களை நுழைவுத் தேர்வில் சலித்தெடுத்த பிறகு அங்கே முறை நன்றாக நடக்கிறது. 'கம் புக்' படித்து வரும் பிள்ளையிடம் அது எடுபடுமா என்று இன்னும் யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை.

போஜ் சான்றிதழோடு வெளியே போன அந்த முதல் சில அணிகளில் யாராவது, அதைக் காட்டிய இடங்களில் என்ன கேள்வி வந்தது என்று எழுதினால் உடனே படிப்பேன்.