ஆறும் நேரம்

காடாம்புலியூரில் வீடு கட்டுபவர் விரலால் தடவிப் பார்க்கும் சிமென்ட் மாவு, நெருப்பில் பிறந்தது. அரியலூர் வட்டாரத்து ஆலைகளில் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 1450 டிகிரியில் வெந்து, கிளிங்கர் என்னும் கருஞ்சாம்பல் உருண்டைகளாகிறது. எனக்குப் பிடித்தது அதற்கடுத்த கட்டம். செந்தணலாய் விழும் உருண்டைகள் கூலர் என்னும் ஆற்றும் எந்திரத்தின் தட்டுகளில் பரவி நகர, கீழிருந்து காற்று சீறுகிறது. மெல்ல ஆறவிட்டால் சிமென்ட்டுக்கு வலுத் தரும் அலைட் சிதையத் தொடங்கும். சட்டென்று ஆற்றினால் நிலைக்கும். சூட்டை வாங்கிய காற்றோ வீணாகாமல் சூளைக்கே திரும்பி எரிபொருளை மிச்சப்படுத்துகிறது. வெந்து முடிந்ததன் சூட்டை வேகப்போவதற்கு ஊட்டும் இந்தச் சிக்கனம் எவ்வளவு அழகு! பழைய கூலர்களில் தட்டிடுக்கு வழியே துகள் கீழே சிந்தும். புதியவற்றில் அதுவும் ஏறக்குறைய நின்றுவிட்டது.