மற்றும் குழுவினர்

ஒரு பாட்டுக்காரர் எப்படி உருவானார் என்று எழுதப் புகுந்தால் நம்மிடையே எல்லோரும் ஒரே கதையைத்தான் எழுதுகிறார்கள். ஊர், வறுமை, ஆர்மோனியம், ரயில், கோடம்பாக்கம், சில வருஷப் பட்டினி, பிறகு புகழ். வெகுஜனப் பத்திரிகை இதைக் கண்ணீரோடு எழுதும். நாம் கொஞ்சம் கோட்பாடு தூவி எழுதுவோம். இரண்டிலும் கதையாடல் ஏணிதான். ஏறியவரைப் பற்றி மட்டுமே பேசத் தெரிந்த இந்த எழுத்துக்கு, ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவர்கள் கண்ணில் படுவதில்லை. அதனால் நான் பாட்டுக் கேசட்டின் உறையில் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். 'மற்றும் குழுவினர்' என்று இருக்குமே, அந்த வரி.

அந்த வரியை நான் முதலில் கவனித்தது இராஜபாளையம் பஜாரில், எண்பதுகளின் கடைசியில், ஒரு ரெக்கார்டிங் சென்டரில். வயதில் மூத்த வாசகர்களுக்கு இந்தக் கடைகளை விளக்க வேண்டியதில்லை. சுவர் முழுக்க இசைத்தட்டு, ஒரு டர்ன்டேபிள், இரட்டை டெக். வெற்றுக் கேசட்டோடு ஒரு தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் இரண்டு மூன்று நாளில் பதிந்து வைத்திருப்பார்கள். அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து போகும். சட்டப்படி பார்த்தால் இது திருட்டு. ஆனால் தென் மாவட்டத்து மில் தொழிலாளியும், சத்திரப்பட்டித் தறிக்காரரும், காலேஜ் பையனும் தங்கள் இசை ரசனையைத் தாங்களே தொகுத்துக்கொண்ட இடம் அதுதான். கடைக்கார அண்ணாச்சிக்கு அழகான கையெழுத்து. உறையில் படம், பாடியவர் பெயர் எல்லாம் எழுதித் தருவார். கோரஸ் வந்தால் 'குழு'. ஒருநாள் கேட்டேன், யார் அண்ணாச்சி இந்தக் குழு? "குழு பாடுனதுக்கு யாருடே வந்து பேரு கேக்கப்போறா?" என்றார். அவர் மேல் தப்பில்லை. தட்டின் அட்டையில் என்ன இருந்ததோ அதைத்தானே அவர் பார்த்து எழுத முடியும்.

பீட்டர் மானுவல் 1993இல் வட இந்தியக் கேசட் பண்பாட்டைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இசைத்தட்டுக் கம்பெனியின் ஏகபோகத்தைக் கேசட் உடைத்தது, வட்டார இசைக்கும் சிறு தயாரிப்பாளருக்கும் இடம் கொடுத்தது என்பது அதன் மையமான வாதங்களில் ஒன்று. நம் வட்டத்தில் பலர் இதை அப்படியே எடுத்துக்கொண்டு 'ஜனநாயகப்படுத்தல்' என்று எழுதினோம். இப்போது பார்த்தால், பரவலானது வியாபாரம். உறையில் யார் பெயர் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் பரவலாகவில்லை.

தயாரிப்பாளர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடியில் குடும்பக் கடையில் கிராமபோன் தட்டு விற்றவர். அங்கிருந்து சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ், தட்டுத் தயாரிப்பு, பிறகு சினிமா. குல்ஷன் குமார் டில்லி தரியாகஞ்சில் பழச்சாறுக் கடைக் குடும்பத்தில் பிறந்து, கேசட் கடை வைத்து, டி-சீரீஸ் ஆனார். 1997 ஆகஸ்டில் பம்பாயில் சுட்டுக் கொல்லப்பட்டார். இசையை விற்றவர் இசையின் உடைமையாளராக மாறுகிற பாதை இது, கல்லாப்பெட்டியில் தொடங்குவது. எங்கள் அண்ணாச்சி அந்தப் பாதையின் முதல் படியிலேயே நின்றுவிட்டவர். பாடுகிறவர்களின் பாதையோ வயலிலும் தெருவிலும் எழவு வீட்டிலும் தொடங்குகிறது. இந்த இரண்டு பாதைகளும் சந்திக்கிற இடத்தில்தான் பெயர் எழுதப்படுகிறது, அல்லது விடப்படுகிறது.

பெயரைப் பற்றிப் பேச ஸ்ரீவில்லிபுத்தூரை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. இராஜபாளையத்திலிருந்து கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். மார்கழி விடியலில் ஒலிபெருக்கிக் குழாயில் எம்.எல். வசந்தகுமாரியின் திருப்பாவை கேட்கும். அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் முப்பது பாசுரத்துக்கும் ராகம் அமைத்துப் பரப்பிய மெட்டு. பக்தி எனக்கு ஆகாது, ஆனாலும் அந்தக் குரலுக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். நான் கவனிக்கச் சொல்வது வேறு. கோதை கடைசிப் பாசுரத்தில் தன் பெயரை, தகப்பன் பெயரோடு, தானே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மெட்டுப் போட்டவர் மாறலாம், பாடுகிறவர் மாறலாம், கம்பெனி மாறலாம். பாட்டுக்குள் இருக்கிற பெயரை எவனும் அட்டையிலிருந்து அடிப்பதுபோல அடிக்க முடியாது. பல நூற்றாண்டுகள் கழித்து, 1902இல் கல்கத்தாவில், கௌஹர் ஜான் குழலுக்கு முன்னால் பாடி முடித்ததும் இங்கிலீஷில் தன் பெயரைச் சொன்னாள். ஜெர்மனி ஹானோவரில் தட்டு அச்சடிக்கிறவர்களுக்கு லேபிளில் யார் பெயர் என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. தொழில்நுட்ப வசதிக்காகச் சொல்ல வைக்கப்பட்டதுதான். இருந்தும் அந்தத் தட்டு சுற்றுகிறவரை அவள் பெயரை அவளே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆடிப்பூரத் தேருக்குக் கூட்டமாக வருகிற அதே பெண்கள் தங்கள் ஊரில் முளைப்பாரி வளர்த்துக் கும்மியடித்துப் பாடுகிற பாட்டில் இப்படி முத்திரை எதுவும் கிடையாது. ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எடுத்துக் கொடுக்கிறவள் மறந்த இடத்தில் இன்னொருத்தி புது அடி சேர்ப்பாள். 'நாட்டார் மரபில் ஆசிரியன் இல்லை' என்று இதைக் கொண்டாடி எழுதியவர்களில் நானும் ஒருவன். ஆசிரியனின் மரணம் பற்றிப் பார்த் எழுதியதைப் படித்த ஜோரில் எழுதியது. ஆசிரியனாக அங்கீகரிக்கப்பட்டவனுக்குத்தான் சாகிற வசதி உண்டு என்பது அப்போது உறைக்கவில்லை.

இந்தப் பாட்டு கேசட்டுக்கும் மேடைக்கும் போன வழிகள் மூன்று. ஒன்று பல்கலைக்கழக வழி. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் இராஜபாளையத்தை ஒட்டிய சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். கணவர் நவநீதகிருஷ்ணனோடு ஊர் ஊராகப் பாட்டைச் சேகரித்து, மேடையேற்றி, கேசட்டாக்கினார். 2018இல் பத்மஸ்ரீ. சங்கீத சபாக்களுக்கு நடுவே இந்தக் குரல் மரியாதையோடு நின்றதென்றால் அதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. சொந்த மண்ணின் மகளே டேப் ரெக்கார்டரோடு திரும்பி வந்தது அபூர்வம். ஆனாலும் சேகரிப்பு என்ற அமைப்புக்கே ஒரு குணம் இருக்கிறது: சேகரித்தவர் பெயர் நிற்கும், கொடுத்தவர் பெயர் குறிப்பேட்டில் தங்கிவிடும். இது அவருக்கு மட்டும் உரிய விஷயமில்லை, எல்லா நாட்டுப்புறவியல் துறைகளுக்கும் பொருந்தும்.

இரண்டாவது சினிமா வழி. கொல்லங்குடி கருப்பாயி 1985இல் 'ஆண்பாவம்' படத்தில் வந்தார். பரவை முனியம்மா 2003இல் 'தூள்' படத்தில் வந்தார், 2020இல் காலமானார். இரண்டு பேரும் வயலிலும் மேடையிலும் முழு வாழ்க்கை பாடியவர்கள். சினிமா அவர்களுக்குக் கொடுத்த வேஷம் ஒன்றே: பாட்டி. இளம்பெண்ணின் ஆசையைப் பாடுகிற நடவுப்பாட்டுக்குச் சினிமாவில் இன்னொரு குரல் தயாராக இருக்கிறது. கிராமத்துக் குரலுக்கு நரைத்த முடி கட்டாயம். நாட்டார் பாட்டு என்றாலே அது போன காலத்தின் மிச்சம் என்ற எண்ணம்தான் இந்த வேஷத்தைத் தேர்ந்தெடுக்கிறது.

மூன்றாவது நம்முடைய வழி, இயக்க வழி. இதைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசியிருக்கிறோம். பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சிக்காக ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் மலையெங்கும் பாடியவர். அந்தக் குழுவில் வளர்ந்த தம்பி 1976இல் 'அன்னக்கிளி'யோடு இளையராஜாவாக வெளிப்பட்டார். இதைச் சினிமாவின் வெற்றியாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அவர்களை ஊர் ஊராகப் பாடவைத்த இயக்கம் அவர்களுடைய பிழைப்புக்கு என்ன ஏற்பாடு செய்தது என்று யாரும் கேட்கவில்லை. கே.ஏ. குணசேகரன் 'தன்னானே' கலைக்குழுவோடு போகாத ஊரில்லை. இன்குலாபின் 'மனுசங்கடா' அவர் குரலில்தான் சேரிகளுக்குள் போயிற்று. 2016 ஜனவரியில் அவர் இறந்தபோது இரங்கல் எழுதியவர்கள் அவரைப் பேராசிரியர் என்றார்கள், போராளி என்றார்கள். பாடியதற்கு எந்த மேடையில் என்ன கொடுத்தோம் என்ற கணக்கு எவரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை. 'தோழர் பாடுவார்' என்பதுதான் நம் ஒப்பந்தம்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1993இல் நான் இருந்த அமைப்பு ஒரு பாட்டுக் கேசட் போட்டது. அமைப்பின் பெயர் இங்கே அவசியமில்லை, அதில் எங்களுக்குப் பெரிய வித்தியாசமும் இல்லை. மெட்டெல்லாம் மலையடிவாரத்து நடவுப்பாட்டு, முளைப்பாரிப்பாட்டு; வார்த்தை எங்கள் தோழர் ஒருவருடையது. பாட இராஜபாளையம் பக்கத்திலிருந்து மூன்று பெண்களை விடிகாலை பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப் போனோம். கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் நிற்கச் சொன்னதும் அவர்களுக்குப் பாட்டு வரவில்லை. குனிந்து நடுகிறவர்களுக்கு நிமிர்ந்து நின்றால் மூச்சு வேறு கணக்கு. கடைசியில் மைக்கைத் தாழ்த்தித் தரையில் உட்காரவைத்தோம். பிறகு அவர்கள் குலவை போட்டபோது ஒலிப்பதிவாளரின் ஊசி சிவப்புக்குப் போய்விட்டது. மனுஷன் காதிலிருந்து கழற்றிவிட்டுச் சிரித்தார். சாயங்காலம் பஸ் காசு, சாப்பாடு, ஆளுக்கு ஒரு புடவை. உறை வாசகம் எழுதியது நான்தான். பாடல் இன்னார், இசை இன்னார், முதன்மைக் குரல் இன்னார், மற்றும் குழுவினர்.

கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மூவரில் மூத்தவர் தன் பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "குழுவினர்னா யாரு தம்பி? எங்களையா சொல்லுதீக?" ஆமாம் ஆத்தா என்றேன். "சரிதான்" என்று மடித்து வைத்துக்கொண்டார். அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு காலம் ஞாபகம் இருந்திருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிற்பாடு தேடிப் படித்தேன். நாங்கள் பதிவுசெய்த அந்த வருஷம் பாடுகிறவருக்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் எந்த உரிமையும் கிடையாது. 1977இல் உச்சநீதிமன்றம் சினிமாத் தயாரிப்பாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னபோதே நீதிபதி கிருஷ்ண அய்யர் தனிக் குறிப்பு எழுதினார்: மெட்டுப் போட்டவருக்குள்ள உரிமை பாடியவருக்கு இல்லாதது நியாயமா என்று. 1994 திருத்தத்தில்தான் 'நிகழ்த்துபவர்' உரிமை வந்தது. 2012 திருத்தம் ராயல்டியில் பங்கு என்றது. நல்லதுதான். அதே திருத்தம் நிகழ்த்துபவர் யார் என்ற வரையறையில் ஒரு விதிவிலக்கையும் சேர்த்தது. சினிமாவில் ஒருவர் பங்கு தற்செயலானது அல்லது உதிரியானது, தொழில் வழக்கப்படி டைட்டிலிலோ வேறெங்குமோ அவர் பெயர் போடுவதில்லை என்றால், அவர் நிகழ்த்துபவரே அல்ல. அவர் பங்கைச் சிதைத்து அவருடைய நற்பெயருக்குக் கேடு செய்தால் மட்டும் ஆட்சேபிக்கலாம்.

இதை இரண்டு தரம் படிக்க வேண்டும். பெயர் போடாமல் விட்டது தொழில்துறை. விட்ட வழக்கத்தையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு சட்டம், நீ பாடவில்லை என்கிறது. பெயரே இல்லாதவருக்கு நற்பெயரைக் காக்கும் உரிமை மட்டும் தாராளமாகத் தரப்பட்டிருக்கிறது. இது சினிமாவைப் பற்றிய விதி, எங்கள் கேசட்டுக்குப் பொருந்தாது என்று ஒரு வக்கீல் நண்பர் திருத்தினார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த விதியும் இல்லாமலே அதைத்தானே நாங்களும் செய்தோம்!

பெயருள்ளவர்கள் சண்டையாவது போட முடிகிறது. 2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் போனபோது நாடே இரண்டு கட்சியானது. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' வழக்கு இன்னும் சிக்கல். தெருக்குரல் அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன், மாஜா என்ற நிறுவனம். அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டையில் அறிவு இல்லை. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள், அறிவு இல்லை. தலித் கலைஞன் தன் பாட்டிலிருந்தே வெளியேற்றப்படுகிறான் என்று எழுந்த குரல் நியாயமானது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்றார். அட்டையில் இருந்தவருக்கும் இல்லை, விடுபட்டவருக்கும் இல்லை. இதற்குள் ஒரு விஷயம் அமுங்கிப் போனது. தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த வள்ளியம்மாள் என்ற தன் பாட்டியின் பெயரை அறிவு அந்தப் பாட்டுக்குள்ளேயே வைத்திருந்தான். கோதை செய்த காரியம்தான். இந்தச் சண்டையில் யார் எவ்வளவு மெட்டுப் போட்டார்கள் என்பதை விட எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

பஜாரில் அந்த ரெக்கார்டிங் சென்டர் இப்போது செல்போன் உறை விற்கிற கடை. அண்ணாச்சி இல்லை. போன வருஷம் பழைய அமைப்பின் இளைய தோழர்கள் எங்கள் கேசட்டைக் கணினியில் ஏற்றிப் பொதுவில் வைக்கப் போவதாகச் சொல்லி, உறை விவரங்களைச் சரிபார்த்துத் தரச் சொன்னார்கள். கடைசி வரியை அடித்துவிட்டு ஊருக்குப் போனேன். மூத்தவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. பேத்தி முழுப்பெயரை எழுதிக் கொடுத்தாள், தாத்தா பெயரின் முதலெழுத்தைச் சேர்க்கவா வேண்டாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இரண்டாமவர் மகள் வீட்டோடு இருக்கிறார், காது கேட்கவில்லை, பெயர் கிடைத்துவிட்டது. மூன்றாமவர் எந்த ஊருக்குப் போனார் என்று தெரியவில்லை. விசாரித்த எல்லோருக்கும் அவரை ஞாபகம் இருக்கிறது, நல்ல சாரீரம் என்கிறார்கள். ஆனால் 'கீழத்தெரு மருமக' என்பதற்கு மேல் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கிடைத்த இரண்டு பெயரையும் இங்கே நான் அச்சிடவில்லை, அவை முதலில் ஏற வேண்டியது அந்த உறையில். மூன்றாவது பெயருக்காக உறை இன்னும் என்னிடமே இருக்கிறது. தோழர்கள் வாரம் ஒருமுறை போன் பண்ணுகிறார்கள்.